பதினான்கு கோர் இருந்தும் திக்கிய டோட்டா: ரங்கூனில் ஒரு நிகழ்வு ஆய்வு

2024 மார்ச் மாதத்து மதிய வெயிலில், பழைய லுங்கியில் சுற்றிய கணினிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சிரியத்திலிருந்து பஸ் ஏறி தாம்வேயில் இருக்கும் என் ரிப்பேர் கடைக்கு வந்தான் அந்தப் பையன். பஸ் பலகையில் தன்ளின் என்றுதான் எழுதியிருக்கும். நம் வீடுகளில் இன்னும் சிரியம்தான். வயது பத்தொன்பது. அவன் அம்மா வீட்டு வாசலில் சாயங்காலம் தோசைக் கடை போடுகிறார். எனக்கு அக்கா முறை. அதனால் பையனுக்கு நான் மாமா.

பெட்டியை மேசைமேல் வைத்தவன், தண்ணீர்கூடக் கேட்கவில்லை. "மாமா, பதினாலு கோர் போட்டிருக்கேன். எட்டு ஜிபி கார்டு போட்டிருக்கேன். அப்படியும் சண்டை வந்தா திக்குது."

சண்டை என்றால் டோட்டா 2 என்ற கணினி விளையாட்டில் வரும் சண்டை. பத்து வீரர்களும் ஒரே இடத்தில் குவிந்து, ஆளுக்கு நாலு மந்திரத்தை ஒரே நேரத்தில் வீசும் அந்தப் பத்து விநாடி. ரங்கூன் கேம் கடைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு டோட்டாதான் தாய்வீடு. மரத்தை வெட்டிக்கொண்டு நடக்கும்போது வழுக்கிக்கொண்டு ஓடுகிற படம், சரியாக வெற்றி தோல்வி முடிவாகும் நேரத்தில் கல்லில் மாட்டிய சக்கரம் மாதிரி நின்று நின்று போனால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிராசசர், இன்டெல் ஸியான் ஈ5-2680 வி4. 2016-இல் சர்வர்களுக்காக வந்த சிப். 14 கோர், 28 திரெட், 35 எம்பி கேஷ், 120 வாட். கோர் என்பது தனியாகக் கணக்குப் போடும் மூளை, திரெட் என்பது ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை, கேஷ் என்பது சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன நினைவகம். வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி எவ்வளவு முக்கினாலும் 3.3 வரைதான். பெரிய நிறுவனங்கள் கழற்றிப் போட்ட இந்தச் சிப்புகளை, சீனாவில் புதிதாகச் செய்த எக்ஸ்99 என்று பெயர் பொறித்த போர்டுகளில் மாட்டி ஜோடியாக விற்கிறார்கள். அதில் 16 ஜிபி சர்வர் ரேம், ஒரே குச்சி. திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு, பழைய சரக்காக வாங்கிய ஏஎம்டி ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி, 132 வாட். 500 வாட் என்று எழுதிய பவர் சப்ளை. வீட்டில் 24 அங்குல 1080பி மானிட்டர், 144 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 144 தடவை படம் மாற்றும் திரை.

போர்டு, பிராசசர், ரேம் மூன்றுக்கும் சேர்த்து 4.5 லட்சம் சாட் (பர்மியக் காசு) கொடுத்திருந்தான். கார்டுக்கு 6 லட்சம். 2022 ஆகஸ்டிலிருந்து டாலருக்கு அரசாங்க விலை 2,100 சாட். ஆனால் கடைக்காரர்கள் சரக்குக்கு விலை வைப்பது அதற்கு வெகு மேலே இருக்கும் வெளிச்சந்தை விலையில். ஆகவே இங்கே ஒரு உதிரிப்பாகத்தைத் தப்பாக வாங்கிவிட்டால், அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட முடியாது. போன் கடையில் இரண்டு வருடம் கண்ணாடி ஒட்டிச் சேர்த்த காசு அது.

கார்டைத் தேர்ந்தெடுத்ததில் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2022 செப்டம்பரில், கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து எதீரியம் என்ற மின்நாணயம் தோண்டும் மைனிங் நின்றபோது சந்தையில் வந்து கொட்டிய பழைய கார்டுகளில் ஆர்எக்ஸ் 6600 நல்ல சரக்கு. மின்சாரம் குறைவாகக் குடிக்கும், 1080பி திரைக்குக் கனகச்சிதம். அதே விலைக்கு ஆர்எக்ஸ் 580 என்ற பழைய கார்டு என்று சொல்லி, அதில் மட்டமான 2048எஸ்பி வகையைத் தலையில் கட்டப் பார்த்த கடையிலிருந்து அவன் தப்பித்து வந்ததே பெரிய விஷயம். நிஜ 580-இல் படத்தைக் கணக்கிடும் ஷேடர் அலகுகள் 2,304, அந்த வகையில் 2,048தான். பெயர் மட்டும் ஒன்று.

அம்மாவின் புகார் வேறு. அதை அவன் கடைசியில்தான் சொன்னான், அதுவும் பாதி வாயில். அவர்கள் பக்கம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாயங்காலம் 5 மணிக்குக் கரண்ட் போனால் 9 மணிக்குத்தான் வரும். வீட்டில் ஒரு இன்வர்ட்டர், 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி. ஃபேனும் தோசைக் கடை பல்புகளும் அதில்தான் ஓடும். இந்தப் பெட்டி வந்ததிலிருந்து எட்டரைக்கே பேட்டரி கவிழ்ந்துவிடுகிறது. கூட்டம் நிற்கிற நேரத்தில் தோசைக்கல் இருட்டில். "அம்மா பெட்டியை வித்துடச் சொல்றாங்க மாமா."

நான் முதலில் பிடித்தது தப்பு

இந்த ஊரில் முப்பது வருடமாக ரிப்பேர் செய்கிறவனுக்கு ஒரு நோய் உண்டு. எது கெட்டாலும் முதலில் கரண்டைத் திட்டுவான். நானும் அப்படித்தான். சாயங்காலம் அவன் வீட்டில் வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்குகிறது, வோல்டேஜை ஏற்றும் ஸ்டெப்-அப் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள், பவர் சப்ளையோ பெயர் தெரியாத சரக்கு. கார்டுக்குச் சண்டை நேரத்தில் மின்சாரம் பற்றவில்லை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். கடையிலிருந்த நல்ல பவர் சப்ளை ஒன்றை மாட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

மூன்று நாள் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது. திக்கல் அப்படியே.

யோசித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பவர் சப்ளை தாங்காவிட்டால் கணினி அணைந்துபோகும், அல்லது திரை கறுத்துப்போகும். ஒழுங்காக ஒவ்வொரு சண்டையிலும் மட்டும் திக்கி, சண்டை முடிந்ததும் சரியாகிவிடாது. நோய் நேரம் பார்த்து வருகிறது என்றால் அந்த நேரத்தில் யாருக்கு வேலை கூடுகிறது என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது தடவை அளந்துதான் பேசுவது என்று உட்கார்ந்தோம். விளையாடிக்கொண்டே அளந்தால் ஒரு ஆட்டம் போல் இன்னொன்று இருக்காது. டோட்டாவில் முடிந்த ஆட்டத்தை ரீப்ளேயாகத் திரும்பப் பார்க்கலாம் என்பது நமக்கு வசதி. அவனே ஆடித் தோற்ற ஒரு ஆட்டத்தின் முப்பத்தோராவது நிமிடத்தில் ஒரு பெரிய சண்டை. அந்த இரண்டு நிமிடத்தை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மூன்று மூன்று தடவை ஓட்டினோம். ஆஃப்டர்பர்னர் என்ற அளவு காட்டும் மென்பொருளைத் திறந்து ஓரத்தில் எண்களை ஓடவிட்டோம். தன் தோல்வியை முப்பது தடவை பார்த்த பாவம் அவனுக்கு.

முதல் அளவு: சராசரி விநாடிக்கு 92 பிரேம், அதாவது 92 படம். ஆனால் மிக மோசமான ஒரு சதவீதப் பிரேம்கள் 48-இல் கிடந்தன. கண்ணுக்குத் திக்கலாகத் தெரிவது சராசரி அல்ல, இந்த இரண்டாவது எண்தான். 144 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு பிரேம் 6.9 மில்லிவிநாடிக்குள் தயாராக வேண்டும். 48 என்றால் ஒரு பிரேமுக்கு 20 மில்லிவிநாடிக்கும் மேல்.

அந்த நேரத்தில் கிராபிக்ஸ் கார்டு 50 சதவீதம் வேலை செய்தது. பிராசசர் 17 சதவீதம்.

இந்த 17-தான் பையனைக் குழப்பியது. "பாருங்க மாமா, கார்டும் பாதி சும்மா இருக்கு, பிராசசரும் தூங்குது. ரெண்டுமே வேலை செய்யலைன்னா கோளாறு வேற எங்கயோதான்."

கணக்குப் போட்டுக் காட்டினேன். 28 திரெட்டில் ஒன்று மூச்சு முட்ட ஓடினால் மொத்தக் கணக்கில் அது வெறும் 3.6 சதவீதம். டாஸ்க் மேனேஜரில் மொத்தக் கோட்டை விட்டுவிட்டு, ஒவ்வொரு திரெட்டையும் தனிக் கட்டமாகப் பிரித்துப் பார்த்தோம். இருபத்தெட்டுக் கட்டங்களில் ஒன்று உச்சியைத் தொட்டுக்கொண்டு நின்றது. மூன்று நாலு கட்டங்கள் பாதி. மற்றதெல்லாம் தரையில் படுத்திருந்தன.

டோட்டாவில் ஒரு பிரேம் உருவாகும் வரிசை இது: யார் எங்கே நிற்கிறான், எந்த மந்திரம் யார்மேல் பட்டது, எதை வரைய வேண்டும் என்று பிராசசர் முடிவு செய்து பட்டியல் கொடுக்கும், பிறகுதான் கார்டு வண்ணம் தீட்டும். அந்தப் பட்டியல் வேலையின் பெரும்பகுதி ஒரே திரெட்டின் தலையில். சண்டை வந்தால் பட்டியல் நீள்கிறது, அந்த ஒற்றைத் திரெட் திணறுகிறது, கார்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மாகிட்ட ஒரே தோசைக்கல்லு. பதிமூணு பேர் வெங்காயம் நறுக்குனாலும் தோசை சீக்கிரம் வராது, அதானே?" என்றான். அதேதான். நான் இத்தனை நேரம் விளக்கியதை அவன் வீட்டு வாசலில் வைத்துச் சொல்லிவிட்டான்.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் முடிக்க ஒரு சோதனை உண்டு, எவரும் வீட்டிலேயே செய்யலாம். திரைத் தெளிவைக் குறைத்துப் பாருங்கள். 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கினால் கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விடும். கார்டுதான் தடை என்றால் பிரேம் எகிற வேண்டும். இறக்கினோம். சராசரி 92 போய் 94 ஆனது. கீழ் எண் 48-ஐ விட்டு நகரவில்லை. குற்றவாளி பிராசசர்.

மறுபக்கத்தையும் பார்த்தோம். சைபர்பங்க் 2077 என்ற கதை ஆட்டத்தை அதே கணினியில் ஓட்டினால் கார்டு 98 சதவீதம், சராசரி 62 பிரேம். கார்டுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே வண்ணம் தீட்டும் வேலை மலைபோல் இருப்பதால், ஸியான் மெதுவாகப் பட்டியல் கொடுத்தாலும் கார்டுக்குப் போதுமானதாக இருக்கிறது. ஆக, ஒரே பெட்டி ஒரு ஆட்டத்தில் பொருத்தமான ஜோடி, இன்னொன்றில் பொருந்தாத ஜோடி. "இந்தக் கார்டுக்கு எந்தப் பிராசசர் சரி?" என்று வெறுமனே கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லாததற்கு இதுதான் காரணம். என்ன ஆடுவீர்கள், திரை எத்தனை ஹெர்ட்ஸ் என்று இரண்டையும் சொன்னால்தான் கேள்வியே முழுமையாகும்.

புதிதாக வாங்குமுன் இருப்பதில் எவ்வளவு கறக்கலாம் என்றும் பார்த்தோம். ஒரே குச்சியாக இருந்த ரேமோடு அதே வகை இன்னொன்றைக் கடன் வாங்கி மாட்டினேன். 92 என்பது 99 ஆனது, 48 என்பது 54. காசில்லாதவன் முதலில் செய்ய வேண்டிய காரியம் இது. ஆனால் நோய் தீரவில்லை. அவன் நண்பன் ஒருவன் டர்போ அன்லாக் செய்தால் எல்லாக் கோரும் உச்ச வேகத்தில் ஓடும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த வித்தை முந்தைய தலைமுறையான வி3 சிப்புகளுக்குத்தான். வி4-இல் அந்த ஓட்டை இல்லை. ஒரு முழு மத்தியானம் அதில் போயிருக்கும், நல்லவேளை.

எதை வாங்குவது

கார்டு அப்படியே இருக்கட்டும், பிராசசர், போர்டு, ரேம் மட்டும் மாற்றுவது என்று முடிவானது. ரேம் எதற்கு என்று பையன் கேட்டான். அவனிடம் இருந்தது ரெஜிஸ்டர்டு வகை சர்வர் ரேம். சாதாரண போர்டின் ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் கணினி எழும்பாது. மலிவான ஸியான் ஜோடி வாங்குகிறவர்கள் கணக்கில் சேர்க்க மறப்பது இதைத்தான்: வெளியே வரும்போது ரேமும் கூட வராது.

இன்டெல் பக்கம் கோர் ஐ3-12100எஃப் இருந்தது. நாலே கோர், ஆனால் ஒற்றைத் திரெட் வேகத்தில் அவன் ஸியானை எங்கேயோ விட்டுவிடும். டோட்டா மட்டும் என்றால் அதுவே போதும். இவன் பின்னால் டிஸ்கார்ட் அரட்டை, பிரவுசரில் பாட்டு, சில நாள் ரெக்கார்டிங் எல்லாம் ஓட்டுவான். நாலு கோர் அங்கே இறுகிவிடும் என்பது என் எண்ணம். வேறு யாராவது வாங்கினால் தடுக்க மாட்டேன்.

ஏஎம்டி பக்கம் ரைசன் 5 5500, ரைசன் 5 5600. இரண்டும் 2022 ஏப்ரலில் வந்தவை, இரண்டுக்கும் 6 கோர் 12 திரெட், 65 வாட். கடையில் 5500 மலிவு. இணையத்தில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் 5500-இல் பிசிஐஇ (கார்டும் பிராசசரும் பேசிக்கொள்ளும் பாதை) 3.0தான், 5600-இல் 4.0 என்று அதையே பிடித்துக்கொள்வார்கள். நாங்கள் வாங்கப்போவது பி450 போர்டு. அதில் எதை மாட்டினாலும் 3.0தான். ஆர்எக்ஸ் 6600 எட்டே பாதையில் பேசும் கார்டு, 3.0-இல் விநாடிக்குச் சுமார் 8 ஜிபி கிடைக்கும். கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பி வழியாதவரை அது போதும். எனவே அந்த வித்தியாசத்துக்கு இவனிடம் மதிப்பில்லை. மதிப்புள்ள வித்தியாசம் வேறு: 5500-இல் எல்3 கேஷ் 16 எம்பி, 5600-இல் 32 எம்பி. டோட்டா மாதிரி ஆட்டங்கள் சின்னச் சின்னத் தகவல்களை ஓயாமல் தேடிக்கொண்டிருப்பவை; கேஷில் கிடைத்தால் ரேம்வரை ஓட வேண்டியதில்லை. அதனால் 5600.

ஸியானில் 35 எம்பி இருந்ததே என்று அவன் மடக்கினான். இருந்தது. ஆனால் 3.3 கிகாஹெர்ட்ஸில், ஆறு வருடம் பழைய கட்டமைப்பில், சர்வர் ரேமோடு. கேஷ் மட்டும் குதிரையை ஓட்டாது. அந்த ஜனவரியில் 96 எம்பி கேஷோடு ரைசன் 7 5700எக்ஸ்3டி வந்திருந்தது. டோட்டாக்காரனுக்கு அது அல்வா. விலை கைக்கு எட்டவில்லை. அதே பி450-இல் பிற்பாடு அதையும் மாட்டிக்கொள்ளலாம் என்பது அந்தப் போர்டில் பிராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் எனக்குப் பிடித்த சங்கதி.

பிராசசர் 4.8 லட்சம், போர்டு 2.8, எட்டு எட்டாக இரண்டு 3200 ரேம் 1.6. மொத்தம் 9.2 லட்சம். பழைய ஸியான் ஜோடியைக் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒருவருக்கு 3.2 லட்சத்துக்குத் தள்ளிவிட்டோம். அவருக்கு அது உண்மையிலேயே நல்ல சாமான். வீடியோவை ஏற்றுமதி செய்யும்போது பதினான்கு கோரும் வரிசையாக நின்று உழைக்கும். மீதி 6 லட்சத்தை அக்கா சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்தார். போனில் ஒரே நிபந்தனை: "ஒம்பது மணி வரைக்கும் பல்பு நிக்கக்கூடாது தம்பி. நின்னுச்சுன்னா பெட்டியை நானே வித்துப்புடுவேன்."

இந்த நிபந்தனைக்குப் பிறகுதான் வேலை எனக்குச் சுவாரசியமானது. பிரேம் கணக்கோடு வாட் கணக்கும் சேர்ந்துகொண்டது.

பயாஸ் ராத்திரி

வாங்கிய பி450 போர்டு பழைய இருப்பு. அந்தச் சிப்செட் 2018-இல் வந்தது. பயாஸ் என்பது கணினியை எழுப்பும், போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள். அப்போதைய பயாஸுக்கு ரைசன் 5000 என்றால் யாரென்றே தெரியாது. 5600-ஐ மாட்டினால் ஃபேன் சுற்றும், திரை வராது. பிராசசர் இல்லாமலே பயாஸ் மாற்றும் பொத்தான் இந்த விலைப் போர்டில் இல்லை. மேசை இழுப்பறையில் இதற்காகவே நான் வைத்திருக்கும் பழைய ரைசன் 3 2200ஜி-யை எடுத்து மாட்டினேன். பென்டிரைவில் புது பயாஸ் தயார். மணி சாயங்காலம் 4.50.

"பத்து நிமிஷம் இருக்கே மாமா, போட்டுடலாம்" என்றான்.

முடியாது என்றேன். பயாஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டு செத்த பிணம். யூபிஎஸ் இருக்கிறது, ஆனால் அதன் பேட்டரிமேல் எனக்கு நம்பிக்கை போய் ஒரு வருடம் ஆகிறது. ஐந்தடிக்கச் சொன்ன நேரத்துக்குச் சரியாகக் கரண்ட் போனது. மற்ற எதிலும் இந்த நேரந்தவறாமையைப் பார்க்க முடியாது. எதிர் டீக்கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தோம். நாலு மணி நேரம். அவன் தோற்ற ஆட்டத்தை வாயாலேயே இரண்டு தடவை திரும்ப ஆடினான்.

ஒன்பது மணிக்குத் தெருக்கோடியிலிருந்து பிள்ளைகள் கத்தும் சத்தம் எங்கள் பக்கம் உருண்டு வந்தது: "மீ லா பி!" கரண்ட் வந்துவிட்டது. பையன் எழுந்து ஓடினான். இன்னும் ஐந்து நிமிடம் இரு என்று உட்கார வைத்தேன். வந்தவுடன் வோல்டேஜ் கொஞ்ச நேரம் துள்ளும், அது அடங்கட்டும். பிறகு யூபிஎஸ் வழியாகப் போர்டை எழுப்பி, பயாஸ் கோப்பைத் தேர்ந்தெடுத்து, ஆம் என்று அழுத்தினேன். திரையில் நீலக் கோடு நகர்ந்தது. 62-இல் விளக்கு ஒரு முறை மங்கியது. யூபிஎஸ் 'டக்' என்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கோடு 63 ஆனது, 64 ஆனது.

நூறு வந்து கணினி தானாக ஒரு முறை அணைந்து எழுந்தபோது, அவன் என் தோளில் அடித்த அடி மறுநாள்வரை வலித்தது. 2200ஜி-யைக் கழற்றி, 5600-ஐ மாட்டி, ரேமை 3200 வேகத்துக்கு அமைத்து, கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் எட்ட வழிவிடும் ரீசைசபிள் பார் வசதியையும் திறந்துவிட்டேன். ரேம் வேகத்தைப் பயாஸில் அமைக்க மறந்தால் பல போர்டுகளில் 3200 ரேம் குறைந்த வேகத்திலேயே படுத்துக்கிடக்கும். காசு கொடுத்து வாங்கியதைத் திறக்காமலே வைத்திருக்கும் வீடுகள் நிறைய.

மாற்றிய பிறகு

அதே ரீப்ளே, அதே முப்பத்தோராவது நிமிடம், அதே கார்டு. சராசரி 171. கீழ் எண் 104. கார்டின் வேலை 50-இலிருந்து 80 சதவீதத்துக்கு அருகே ஏறியது. கார்டு பழைய போர்டிலும் இதே பிசிஐஇ 3.0 பாதையில்தான் இருந்தது என்பதால், இந்த ஏற்றம் பெரும்பாலும் பிராசசர், ரேம் பக்கத்திலிருந்து வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

சைபர்பங்க் 62-இலிருந்து 66 ஆனது. அவ்வளவுதான். 9.2 லட்சம் கொடுத்து நாலு பிரேம். இந்தக் கணினியில் அந்த ஆட்டத்தை மட்டும் ஆடுகிறவனாக இருந்திருந்தால், இந்த வைத்தியம் முழு வீண் செலவு. சரியாக ஒரு மாதம் கழித்துக் கம்பையிலிருந்து ஒருவர் இதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். 60 ஹெர்ட்ஸ் திரை, கதை ஆட்டங்கள் மட்டும், அதிலும் எல்டன் ரிங் பைத்தியம். அந்த ஆட்டம் 60 பிரேமுக்கு மேல் போகவே போகாது. அவருக்கு ஐ3-12100எஃப் போட்டு, மிஞ்சியதைக் கார்டில் கொட்டச் சொன்னேன். கார்டுக்குப் பிராசசரைவிட இரண்டு பங்கு காசு என்று எல்லோரும் சொல்லும் விதி அவரிடம் அழகாகப் பொருந்தியது. சிரியத்துப் பையனிடம் பொருந்தவில்லை.

கார்டு வாங்கும்போதே அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் பிராசசரை எவ்வளவு தின்னும் என்று பார்ப்பதும் நல்லது. 2024 டிசம்பரில் இன்டெல் ஆர்க் பி580 வந்தபோது, 249 டாலருக்கு 12 ஜிபி என்று ஊரே பேசியது. புதிய பிராசசரோடு அருமையான கார்டு. பழையதோடு ஜோடி சேர்த்தபோது டிரைவரின் சுமையாலேயே பின்தங்கியது என்பது அடுத்த மாதமே சோதனைகளில் வெளிவந்தது. இந்தப் பையன் அந்த ஸியானில் அதை மாட்டியிருந்தால் என்னிடம் இரண்டு புகார் வந்திருக்கும்.

இனி வாட். பிளக்கில் மாட்டும் மீட்டரை வைத்து அளந்தோம். ஸியானோடு டோட்டா ஆடும்போது பெட்டி மட்டும் 205 வாட். 5600-க்கு மாறி, டோட்டாவிலேயே உச்சவரம்பை 140 பிரேம் என்று கட்டிவிட்ட பிறகு 165. 144 ஹெர்ட்ஸ் திரையில் 171 பிரேம் வரைந்து என்ன ஆகப்போகிறது? கட்டாமல் விட்டால் அந்த மிச்சமெல்லாம் பேட்டரியிலிருந்து சூடாக வெளியே போகும்.

வீட்டில் இதோடு மானிட்டர் 25, ரூட்டர் 10, ஃபேன் 50, தோசைக் கடை பல்புகள் 20. முன்பு மொத்தம் 310 வாட், இப்போது 270. பேட்டரியில் எழுதியிருப்பது 12 வோல்ட். லித்தியம் என்பதால் நிஜத்தில் 12.8, ஆகவே 1,280 வாட்-மணி. இன்வர்ட்டர் தின்பது போகக் கைக்கு வருவது சுமார் 1,090. அதை 310-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம். ஐந்து மணிக்குக் கரண்ட் போனால் எட்டரைக்கு இருட்டு. அக்கா சொன்னது கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன கணக்கு என்று அப்போதுதான் புரிந்தது. 270-ஆல் வகுத்தால் நாலு மணி நேரமும் இரண்டு நிமிடமும்.

இரண்டு நிமிடத்தை நம்பி அக்காவிடம் வாக்குக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பேட்டரியும் வயதாக வயதாகக் குறையும். கரண்ட் இல்லாத நேரத்தில் 100 பிரேமோடு நிறுத்திக்கொள் என்றேன். அளந்தால் பெட்டி 150 வாட்டுக்கு இறங்கியது, மொத்தம் 255, நாலேகால் மணி நேரம் தாங்கும்.

"144 ஸ்கிரீன் வாங்கினது எதுக்கு மாமா?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டான்.

"பல்பு நின்னா ஸ்கிரீனும் போகும், பெட்டியும் போகும். எது வேணும்?"

முதல் தடவையே 5600 வாங்கியிருந்தால் 9.2 லட்சத்தோடு முடிந்திருக்கும். சுற்றி வந்ததில் 10.5 ஆனது. நஷ்டம் 1.3 லட்சம், பஸ் காசு தனி. நான் தப்பாகக் கண்டுபிடித்த மூன்று நாளுக்கு அவனிடம் கூலி வாங்கவில்லை.

போன மாதம் சிரியம் போயிருந்தபோது வாசலில் தோசை சாப்பிட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். மானிட்டரின் மூலையில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. பர்மிய எழுத்தில் இரண்டே வரி. மேலே "மீ லா, 140". கீழே "மீ பியெட், 100", அதாவது கரண்ட் போனால் 100. கீழ் வரியின் அடியில் வேறொரு கையெழுத்தில், தமிழில், எண்ணெய்க் கறையோடு: "9 மணி".